பூட்டின ஊட்டுக்கு ஓட்டை கிடையாது

நல்லூர்,
3.7.2024

தாராபுரத்தில் போய் உட்கார்ந்துகொண்ட நசீம் பானு அம்மணிக்கு,

பக்கத்து வீட்டு மாரக்காள் எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசி. உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் காளியாத்தாள் மேல் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவே இல்லை. போனிலும் நீ என்னை பிளாக் பண்ணிவிட்டாய். அதனால் போஸ்ட் ஆபீசுக்கே போய் இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்குங்கம்மா?" என்றாள். "கோவிச்சுட்டுப் போன ஒருத்திக்குங்க கண்ணு" என்றேன். "அப்ப ரெண்டு வாங்கிக்கோங்க, ஒண்ணு பத்தாது" என்றாள். கெட்டிக்காரி.

மூன்றாவது வரை படித்தவளின் எழுத்து இது. நூல் அறுந்த ஓவர்லாக் மெஷின் ஓடியது போலத்தான் இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படி.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவுக்கு மழைநீர் வடிகால் வந்துவிட்டது. மேலத் தெருவிலிருந்து ஓடை வரைக்கும் நாலடி ஆழம், கான்கிரீட்டில். பொக்லைன் வண்டி வந்த அன்று தெருவே திருவிழா மாதிரி வேடிக்கை பார்த்தது. என் ஜட்டி தைக்கிற யூனிட்டில் எட்டுப் பேரும் மெஷினை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். நானும் திட்டுவதற்காக வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

இதற்கு ஒரு இன்ஜினியர் பெண் வந்திருக்கிறாள். ஜோதிகா என்று பெயர். தெற்கத்திக்காரி. அப்பாவும் அம்மாவும் இங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்துப் படிக்கவைத்தார்களாம். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, பெரிய பெரிய ஆண்களை "அண்ணே, அங்கன ஆழம் பத்தாது, தோண்டுங்க" என்று விரட்டுகிறாள். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் வடிகாலுக்குள் விழ, சுவரில் ஒரு ஓட்டை விட்டு குழாய் வைத்துத்தான் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். ஊற்றிய பிறகு உடைக்க விடமாட்டார்கள். உன் வீட்டுக்கு எங்கே என்று கேட்டேன். "எக்கா, பூட்டுன வீட்டுக்கு ஓட்டை கிடையாது. வீட்டுக்காரங்க வந்து இடம் காட்டணும், இல்லன்னா எழுதிக் குடுக்கணும்" என்றுவிட்டாள்.

நம் இரண்டு வீட்டுக்கும் 25ஆம் தேதி வியாழக்கிழமை கான்கிரீட். ஏற்கனவே ரோட்டை விட இரண்டு படி தாழ்ந்த வீடு உன்னுடையது. ஓட்டையும் இல்லாமல் போனால் அடுத்த மழைக்கு உன் முற்றத்தில் மீன் வளர்க்கலாம். போன கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நின்றது போதாதா? உன் முற்றத்துத் தண்ணீர் எந்த மூலையில் வெளியே வருகிறது என்று இரண்டு வரி எழுதிப் போடு.

வடிகாலுக்காக என் வாசலில் வண்டி ஏற்றுகிற சிமெண்ட் சரிவையும் உடைக்கப் போகிறார்கள். அன்றைக்கு அதைத்தானே குற்றம் சொன்னாய்? உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொல்லிவைக்கிறேன்.

மாரக்காள்


தாராபுரம்,
8.7.2024

மாரக்காள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் வீட்டு முற்றத்துத் தண்ணீர் எந்த மூலையில் வெளியே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பதினெட்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர் நீங்கள். நான் வாசல் தெளிக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்கு வருகிறது என்று சண்டைக்கு வந்தவரும் நீங்கள்தான். உங்களுக்குத் தெரியாத மூலையா?

ஓட்டை எதுவும் வேண்டாம். அந்த வீட்டை விற்கப் போகிறேன். தனபால் என்பவர் அட்டைப்பெட்டி குடோன் வைக்கக் கேட்டிருக்கிறார். ஆடி முடிந்ததும் பத்திரம். ஓட்டை வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் இங்கே சலாவுதீன் அண்ணன் வீட்டில் நலமாக இருக்கிறேன். தண்ணீரில் நனைந்த நாலு மெஷினில் இரண்டு ஓடுகிறது. நைட்டி தைக்கிறேன். மகள் மெஹ்ஜபினும் நலம். அவளுடைய நிக்காஹ் ஐப்பசியில்.

நசீம் பானு


நல்லூர்,
11.7.2024

நைட்டிக்காரி பானுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "அவர்கள்" என்று எழுதியிருக்கிறாய். என்னை யாரும் இதுவரை அவர்கள் ஆக்கியதில்லை. ரேஷன் கடையில் கூட "ஏம்மா ஓரமா நில்லு" என்றுதான் சொல்கிறார்கள். பெருமையாக இருந்தது. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

குடோன் என்கிறாயே, கொஞ்சம் நினைத்துப் பார். அட்டைப்பெட்டியோடு நான் எப்படிச் சண்டை போடுவது? நோன்புக் கஞ்சியில் உப்பில்லை என்று அட்டைப்பெட்டியிடமா சொல்ல முடியும்? மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் நீயாவது கத்துவாய். அட்டைப்பெட்டி பேசாமல் ஊறிக்கொண்டே இருக்கும். எனக்குச் சரிப்படாது.

நான் இப்போது பாதி இன்ஜினியர். காலையில் எட்டுப் பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டுக் குழி ஓரத்துக்குப் போய்விடுவேன். கண்ணாடி மாதிரி இருக்கிற ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இந்த முனையை ஒருத்தர், அந்த முனையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு மட்டம் பார்க்கிறார்கள். எவ்வளவு தள்ளிப் போனாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறது. ஜோதிகாவிடம் சொல்லி உன் கேட்டுக்கு அடியிலும் அந்த டியூபை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்லவேளை பார்த்தோம். மற்ற வீடுகளுக்கு வைக்கிற உயரத்தில் குழாய் வைத்தால் உன் முற்றம் அதற்குக் கீழே இருக்கிறது. உன் தண்ணீர் ஏறிப் போய்த்தான் விழ வேண்டும். தண்ணீர் என்ன உன் மாதிரி கோபத்தில் படியேறிப் போகிற ஜாதியா?

"அப்ப என்னங்க கண்ணு பண்றது?" என்று கேட்டேன். "கீழ இறக்கி வைக்கலாம்க்கா. ஆனா வடிகால் நெறைஞ்சா தண்ணி திரும்பி வீட்டுக்குள்ள வரும். குழாய் வாயில ஒரு மூடி மாட்டணும். உள்ள இருந்து தள்ளுனா தெறக்கும், வெளிய இருந்து தள்ளுனா மூடிக்கும்" என்றாள். உனக்காகத் தனியாக ஒன்று வரவழைக்கிறேன் என்றாள். ஆனால் உன் கையெழுத்து இல்லாமல் மாட்ட மாட்டாளாம். அக்கா தங்கச்சி மாதிரிதான், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "மாதிரி எல்லாம் ரெக்கார்டுல ஏறாதுக்கா" என்கிறாள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை காளியாத்தா கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் உன்னோடு பேசலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று. சிவப்பு வந்தது. பொட்டலத்தைச் சரியாகக் குலுக்கவில்லை என்று பூசாரி கிட்டுசாமியோடு சண்டை போட்டு இன்னொரு தடவை கேட்டேன். அதுவும் சிவப்பு. ஆத்தாளுக்கு என் மேல் ஏதோ மனத்தாங்கல். என்னவென்று எனக்குத் தெரியும். அதை அப்புறம் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு கண்ணு. வீட்டை விற்றாலும் பரவாயில்லை, ஓட்டையோடு வில்.

மாரக்காள் (அவர்கள்)


தாராபுரம்,
14.7.2024

மாரக்காவுக்கு,

சிரிக்கவைத்துக் காரியம் சாதிப்பது உங்கள் பழக்கம். அண்ணன் வீட்டில் எல்லோரும் உங்கள் கடிதத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதற்காக மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் தண்ணீர் வந்ததில் இல்லை. மெஷின் போனதிலும் இல்லை. மெஹ்ஜபினுக்கு எடுத்த பட்டு சாக்கடையில் நனைந்ததில் கூட இல்லை. அன்றைக்குத் தெருவே முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. தண்ணீரைப் பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இவங்க போடற வேஸ்ட்டுதானுங்க அடைச்சிருக்கு" என்று என் வீட்டைக் கை காட்டினீர்கள்.

பதினெட்டு வருடமாக "எங்க பானு" என்றுதான் சொல்வீர்கள். காய்கறி வண்டிக்காரரிடமும், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடமும் "எங்க பானு ஊடு" என்றுதான் காட்டுவீர்கள். அன்று ஒரு நிமிடத்தில் நான் "இவங்க" ஆகிவிட்டேன். நான் என் துணி வேஸ்ட்டை ஒரு துண்டு விடாமல் மூட்டை கட்டி விற்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னீர்கள்.

"உங்க சரிவுக்கு அடியில பாருங்க்கா" என்று மட்டும்தான் நான் சொன்னேன். அதற்கு நீங்கள் காளியாத்தாள் மேல் சத்தியம் செய்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

கையெழுத்துப் போட மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

நசீம் பானு


நல்லூர்,
18.7.2024

பானு,

இந்தக் கடிதத்தில் கேலி கம்மியாக இருக்கும். உடம்புக்கு என்னவோ என்று பயப்படாதே.

நேற்று என் வண்டிச் சரிவை உடைத்தார்கள். அடியில் பழைய சிமெண்ட் குழாய் இருந்ததே, மேலிருந்து வருகிற சாக்கடை உன் வாசலைத் தாண்டி அதற்குள் நுழைந்துதான் ஓடைக்குப் போக வேண்டும். குழியில் இறங்கி வேலை செய்கிற இந்திக்காரர் அந்தக் குழாய்க்குள் கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கன்றுக்குட்டி பிறக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு ஒரு மூட்டை வந்தது. அரிசிச் சாக்கு. உள்ளே பனியன் வேஸ்ட்டு. வாயைக் கட்டியிருந்தது ஊதாக் கோடு போட்ட ஜட்டி எலாஸ்டிக்.

அந்த எலாஸ்டிக்கை நாம் இரண்டு பேரும்தான் ஒரே லாட்டாக வாங்கினோம். நீ தைக்கிற பேண்டுக்கு ஆகாது என்று உன் பங்கையும் என்னிடமே தள்ளிவிட்டாய். நல்லூரில் வேறு யாரிடமும் அது கிடையாது.

"எக்கா, இது யாரு வச்சது?" என்று ஜோதிகா கேட்டாள். தெருவே நிற்கிறது. "தெரியலையே கண்ணு, எலி கிலி இழுத்துட்டு வந்திருக்கும்" என்றேன். எலி எலாஸ்டிக் கட்டுமா என்று அந்தப் பெண் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவள்.

வைத்தது நான்தான் பானு. மெஹ்ஜபினுக்கு நிச்சயம் ஆன அன்று காலையில். உன் வாசலில் பந்தல் போட்டிருந்தது. பிரியாணி அண்டா இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவார்கள் என்று நீ பரபரத்துக்கொண்டிருந்தாய். அந்தக் குழாய் வாயிலிருந்து நாற்றம் குப்பென்று அடித்தது. நம் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக் கூடாதென்று மூட்டையைக் கட்டிக் காலால் மிதித்து உள்ளே தள்ளினேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் உன் பாயாசம் குடித்துவிட்டு மறந்தே போய்விட்டேன். பதினைந்தாம் நாள் மழை வந்தது.

கத்தும்போது எனக்கு ஞாபகம் இல்லை. இது சத்தியம். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு மெஷினுக்கு எலாஸ்டிக் எடுத்துக் கொடுக்கும்போது பொறி தட்டியது. அதற்குள் நீ லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்து சொல்லியிருக்கலாம். பேச மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேனே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மழைத்தண்ணீரே மூட்டையை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆத்தாள் ஏன் சிவப்புப் பூவாகவே கொடுத்தாள் என்று இப்போது தெரிகிறதா? நீ கையெழுத்துப் போடு, போடாமல் போ. வீட்டை விற்பதாக இருந்தால் என்னால் விற்காதே. அதை மட்டும் கேட்கிறேன்.

மாரக்காள்


தாராபுரம்,
21.7.2024

மாரக்காவுக்கு,

அந்த மூட்டையை நீங்கள் மிதித்துத் தள்ளியதை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் பந்தல் காலைப் பிடித்தபடி, கொலுசுக் காலால் மிதித்தீர்கள். "யா அல்லாஹ், இந்த அக்கா வழுக்கி விழுந்து வைக்கப் போகிறார்" என்று நினைத்தேன். நாற்றம் நின்றது. அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் எடுக்கச் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டும் என்று நானும் நினைத்தேன். நானும் மறந்தேன். அதனால் அந்த மூட்டையில் பாதி என்னுடையது.

மழை அன்று தண்ணீர் ஏறும்போது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் "சரிவுக்கு அடியில பாருங்க்கா, சரிவுக்கு அடியில" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உடைத்துச் சொல்ல முடியவில்லை. மெஹ்ஜபினின் மாமியார் வீட்டார் சாமான் தூக்கித் தர வந்து பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் நிச்சயத்துக்கு வந்த அன்று சாக்கடை நாற்றம் தெரியக் கூடாதென்று மூட்டை வைத்து அடைத்திருந்தோம் என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வேன்? உங்களுக்குக் கண்ணைக் கூடக் காட்டினேன். உங்களுக்குத்தான் கோபம் வந்தால் கண் தெரியாதே.

நீங்களாகச் சொல்கிறீர்களா என்று எட்டு மாதமாகக் காத்திருந்தேன். சொல்லிவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் போஸ்ட்டில் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. "இவங்க" என்று கத்தியது தெருவில். அதனால் அதையும் தெருவில்தான் சரிசெய்ய வேண்டும். என்னோடு பேச வேண்டாம், உங்கள் சத்தியம் அப்படியே இருக்கட்டும். அந்த இன்ஜினியர் பெண்ணோடு பேசுங்கள். எனக்குக் கேட்கிற மாதிரிப் பேசுங்கள்.

25ஆம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். ஓட்டை எங்கே என்று நானே காட்டுகிறேன். கேட்டிலிருந்து மூன்று முழம், குளியலறைப் பக்கம். உங்களுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும். தனபாலிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அன்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பானு


நல்லூர், 25.7.2024, காலை
(மதில் வழியாகக் கொடுத்த சீட்டு)

வந்தவளை வா என்று கூப்பிட முடியவில்லை. பூவை நேற்றும் கேட்டேன். கிட்டுசாமி பூசாரி என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "புரட்டாசி கழியட்டும், வாங்க" என்றுவிட்டார். தலையாட்டினேனே, அதுதான் வா. டீ வைத்திருக்கிறேன், மதில் மேல் இருக்கிறது. சர்க்கரை அளவாகத்தான் போட்டிருக்கிறேன். இளைத்துவிட்டாய். அதை வாயால் சொல்ல முடியாமல் இதில் எழுதுகிறேன். கான்கிரீட் வண்டி பதினோரு மணிக்கு. நான் தயார்.

மா.


தாராபுரம்,
29.7.2024

மாரக்காவுக்கு,

சாமான் கட்ட இங்கே திரும்பி வந்திருக்கிறேன். அன்று நடந்ததை மெஹ்ஜபினுக்கும் அண்ணிக்கும் நடித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா, எழுதுகிறேன்.

கான்கிரீட் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு நிற்கிறது. நான் குழி ஓரத்தில் இடத்தைக் காட்டிவிட்டேன். ஜோதிகா டியூபை வைத்து மட்டம் பார்த்துவிட்டுக் கையில் பேப்பரோடு, "இது யாரு வீட்டு ஓட்டைன்னு எழுதணும், பேரு சொல்லுங்க" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் உங்கள் யூனிட் வாசலில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டீர்கள். இந்த வயதில் நாற்காலி மேல்!

"எழுதிக்கோங்க கண்ணு! எங்க பானு ஊட்டு ஓட்டைங்க! அப்புறம் அந்த மூட்டைய அடைச்சது எலி இல்லீங்க, நானுங்க! எலாஸ்டிக்கும் என்னுதுங்க! எங்க பானு ஒரு துண்டு வேஸ்ட்டைக்கூடத் தெருவுல போட்டவ இல்லீங்க!"

வண்டிக்காரர் பயந்து இன்ஜினை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் கடைசி வரி மேலத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஜோதிகா பேனாவைப் பிடித்தபடி, "எக்கா, இதுல பேரு எழுத மட்டுந்தான் எடம் இருக்கு" என்றாள். நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றேன். அழுதேன் என்று நீங்கள் நினைத்திருந்தால், முதலில் சிரிப்புத்தான் வந்தது. அழுகை பஸ்ஸில் வந்தது.

தனபாலிடம் வேறு குடோன் பார்க்கச் சொல்லிவிட்டேன். ஆவணியில் வருகிறேன்.

பானு


நல்லூர், 15.10.2024, காலை
(மதில் வழியாகக் கொடுத்த சீட்டு)

அக்கா,

விடியலிலிருந்து மழை கொட்டுகிறது. நீங்கள் குடையோடு வடிகால் ஓரத்தில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பதை நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூடி திறந்து திறந்து மூடுகிறது. முற்றத்தில் விழுகிற தண்ணீர் எல்லாம் கடகடவென்று போகிறது. வடிகால் முக்கால் நிறைந்துவிட்டது, ஆனால் ஒரு சொட்டுக்கூட உள்ளே திரும்பவில்லை. கூரைக்குக் கீழ் உள்ள படியில் கோலமாவு கூடக் கரையாமல் அப்படியே இருக்கிறது. நேற்று நீங்கள்தான் போட்டுவிட்டுப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இத்தோடு இருப்பது மெஹ்ஜபின் கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகை. மேலே உங்கள் பெயர். இதை எழுதும்போது ஒன்று தோன்றியது. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வரும்போது முன்னால் நின்று வாங்க என்று அழைக்க வேண்டியவர் நீங்கள். சத்தியத்தை வைத்துக்கொண்டு, அவர்களை வாங்க என்றுவிட்டு, பக்கத்தில் நிற்கிற என்னிடம் தலையை மட்டும் ஆட்டுவீர்களா? ஆவணியிலிருந்து சீட்டு எழுதி எழுதி என்னிடம் காலி நோட்டே இல்லை. தெருவில் எல்லோரும் நம்மைத் தபால் ஆபீஸ் என்கிறார்கள்.

புரட்டாசி நாளையோடு முடிகிறது. போய்ப் பூக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பானு


(அதே சீட்டின் பின்பக்கம், மழையில் நனைந்த எழுத்தில்)

பானு,

பூக் கேட்கப் போகவில்லை. இந்த மழையில் ஆத்தாளுக்கு ஊர் முழுக்க வேலை இருக்கும், எனக்காக அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஒரு தேங்காய் உடைத்து நான் சமாதானம் பண்ணிக்கொள்கிறேன்.

பால் அடுப்பில் இருக்கிறதா? குடையில் ஓட்டை, முழுக்க நனைந்துவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் வந்து கதவைத் திற. எட்டு மாதத்துப் பேச்சு, அதற்கு மேல் மூன்று மாதம். ஒரே மூச்சில் பேசப் போகிறேன். முற்றத்தில் இடம் போதுமா பார்.

மாரக்காள்